போரேட் மருந்து என்று சொல்லி 8,600 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்

இப்போதுதான் போனை வைத்தேன், கோபத்தில் கை நடுங்குகிறது. மரச்சாமானுக்கு மருந்து அடிக்க ஆள் கூப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அம்மாச்சியின் தேக்குக் கட்டில். காலையில் கூட்டும்போதெல்லாம் அடியில் மைதா மாவு மாதிரி தூள், சட்டத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். எங்கள் ஆசாரி பார்த்துவிட்டு, "வைரம் பாய்ஞ்ச இடம் கல்லு மாதிரி இருக்கும்மா, வெள்ளை இருக்கிற ஓரச்சட்டம்தான் உளுத்திருக்கு" என்றார். அவரிடமே விட்டிருக்கலாம். நான் பெரிய புத்திசாலி, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் புக் செய்தேன். முழுப் பணமும் முன்னாலேயே, 8,600 ரூபாய்.

வந்த தம்பி சீருடை, கையுறை என்று பளிச்சென்று இருந்தான். என் நாலு வயது மகனைப் பார்த்ததும் அவனாகவே, "குழந்தை இருக்கிற வீடு, போரேட்தான்க்கா சரி. வெங்காரம் தெரியும்ல, அந்த வகைதான். வாசனையே வராது" என்றான். அங்கேதான் விழுந்தேன். நானும் அதையே படித்து வைத்திருந்தேன், அதனால் சந்தேகமே வரவில்லை. காபி வேறு போட்டுக் கொடுத்தேன்.

பதினைந்து நிமிடத்தில் அடித்து முடித்துவிட்டான். சேம்பிலையில் தண்ணீர் நிற்கிற மாதிரி, வார்னிஷ் மேல் மருந்து முத்து முத்தாக நின்று தரையில் சொட்டியது. "உள்ளே இறங்குமா தம்பி?" "நைட்டுக்குள்ள இழுத்துக்கும்க்கா." எங்கே இழுக்கும்? போரேட் தண்ணீரில் கரைந்து வெறும் மரத்தில் ஊறுகிற உப்பு. வார்னிஷைச் சுரண்டாமல் அடித்தால் மேலேயே காய்ந்துவிடும். தூள் தள்ளுகிற வண்டின் புழுவோ மரத்துக்குள்ளே இருக்கிறது, ஊறிய மரத்தைத் தின்றால்தான் சாகும். இதெல்லாம் போகட்டும், ராத்திரி அறை முழுக்க மண்ணெண்ணெய் நெடி! வாசனையே இல்லாத மருந்துக்கு நெடி எங்கிருந்து வந்தது? என்னதான் அடித்தான்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் படுத்தோம்.

மூன்று வாரமாகத் தினமும் புதுத் தூள். அந்தத் தம்பியின் போன் ஸ்விட்ச் ஆஃப். ஆப்பில் எழுதினால் "தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்", மறுநாள் புகார் தானாக மூடப்பட்டிருக்கும். ஆப்பிலிருந்து பேசிய ஒரு பெண், மருந்து வேலை செய்ய நாளாகும் என்றார். மருந்து உள்ளே போயிருந்தால் அதுவும் நியாயம்தான், முன்பே உள்ளே இருந்த வண்டு கொஞ்ச நாள் வெளியே வரத்தான் செய்யும். இன்று பேசியவர் சொன்னதுதான் உச்சம்: "வாரண்டி கரையானுக்கு மட்டும் மேடம், வண்டுக்கு இல்லை." கட்டிலில் கரையான் இருக்கிறது என்று எவன் சொன்னான்? 8,600 ரூபாய்! அந்தக் காசுக்கு ஓரச்சட்டத்தையே புதிதாக மாற்றியிருக்கலாம்.

சரி, சொல்கிறேன் என்றேனே. கலக்கும் முன் பாக்கெட்டைக் கையில் வாங்கி லேபிளைப் படியுங்கள், போட்டோ எடுங்கள். வார்னிஷ், பெயிண்ட்டைச் சுரண்டாமல் அடிக்க விடாதீர்கள். மழை படும் வாசல் கதவுக்குப் போரேட் வேண்டாம், கரைந்து போய்விடும். கேரம் பவுடரும் போரிக் பவுடர்தானே, போரேட் இனம்தானே என்று நீங்களே கரைக்க உட்காராதீர்கள். பிள்ளைகள் வாயில் போனால் அது விஷம். முழுப் பணத்தை முன்னால் கட்டவே கட்டாதீர்கள். மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன், ஆசாரி வந்துவிட்டார், உப்புத்தாள் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.