பிளேட்லெட் பையை ஆட்டிய ராத்திரி

சேலம் போய்விட்டு வந்தவனிடம் எல்லாரும் ஏற்காடு போனாயா, மாம்பழம் தின்றாயா என்றுதான் கேட்கிறார்கள். தின்றேன். ஏற்காடு போகவில்லை. இந்த மூன்று வாரத்தில் என் மனசில் நிற்பது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில் கவுன்ட்டர், கையில் மஞ்சள் திரவம் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் பை. அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி ஆட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அத்தைக்கு 48 வயது. செவ்வாய்ப்பேட்டையில் வீடு, மாமாவுக்குக் கொலுசுப் பட்டறை. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது என்று அத்தை பல் டாக்டரிடம் போயிருக்கிறார். கையிலும் தொடையிலும் நீலத் திட்டுகள், "எங்கியாச்சும் இடிச்சிருப்பேன்" என்று அதை யாரிடமும் சொல்லவில்லை. பல் டாக்டர் விவரமானவர். பல்லைத் தொடாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். காலையில் கொடுத்த ரத்தத்துக்கு மதியமே லேப்பிலிருந்து போன் வந்துவிட்டது. பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள், 9,000. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது. இதே நான் இருக்கும் கனடாவின் மிசிசாகாவில் என்றால் ஃபேமிலி டாக்டரைப் பார்க்கவே எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

வந்திருப்பது ஏபிஎல், அதாவது அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 15-ஆம் குரோமோசோமின் துண்டும் 17-ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் வெள்ளையணுக்கள் முழுசாக வளராமல் பாதியில் நின்று பெருகுகின்றன. ஏன் மாறின என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடையாது. மாமா பட்டறைப் புகையை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டார். பென்சீன், கதிர்வீச்சு, முன்பு எடுத்த கீமோ இதெல்லாம் பொதுவாக ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம், ஆனால் ஒரு ஆளைக் காட்டி இவருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பரம்பரையாக வருவதும் இல்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை. எதிர்வீட்டு அம்மா மட்டும் எங்கள் வீட்டில் காப்பி குடிப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு காலத்தில் ரத்தக்கசிவால் நாள் கணக்கில் ஆளைக் கொண்டுபோன வியாதி இது. இன்றைக்கு முதல் சில வாரத்தைத் தாண்டிவிட்டால் பத்தில் ஒன்பது பேர் வாக்கில் பிழைத்துக்கொள்கிறார்கள். மருந்து இரண்டு. ஒன்று வைட்டமின் ஏ-விலிருந்து வந்த மாத்திரை. மற்றது ஆர்சனிக் ட்ரையாக்சைடு, நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதுவேதான். 1970-களில் சீனாவின் ஹார்பின் நகரத்து டாக்டர்கள் அதை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்துத் தொடங்கியது. தினமும் இரண்டு மணி நேரம் ட்ரிப்பில் ஏறும். இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடியது என்பதால் அடிக்கடி ஈசிஜி. இதைக் கேட்டதும் பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம கஞ்சமலைச் சித்தருக்குத் தெரியாததா? வைத்தியர்கிட்டயே பஸ்பம் வாங்கிடலாமே" என்று கிளம்பிவிட்டார். அளந்து ஏற்றும் மருந்துக்கும் பொட்டலத்தில் வரும் பஸ்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரியவைக்க எனக்கு ஒரு முழு நாள் போயிற்று. அமாவாசைக்குச் சித்தர் கோயிலில் உப்பு மிளகு போட்டுக் கும்பிட்டு வாருங்கள், அதோடு நிறுத்துங்கள் என்று கடைசியில் பேசி முடித்தோம்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சாயந்திரம் ஐந்தரைக்கு நர்ஸ் ஒரு சீட்டை நீட்டினார். பிளேட்லெட் 11,000-தான் இருக்கிறது, மூளையில் கசிந்தால் ஆபத்து, ராத்திரிக்குள் ஒரு எஸ்டிபி, அதாவது ஒரே ஆளிடமிருந்து எடுத்த பிளேட்லெட் பை வேண்டும், டோனரைக் கூட்டிக்கொண்டு ரத்த வங்கிக்குப் போங்கள். அவ்வளவுதான். கனடாவில் என் சக ஊழியரின் மனைவிக்கு இதே மாதிரி பை பையாக ஏறியது. எங்கிருந்து வருகிறது, யார் கொடுத்தார் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவன் ரத்தத்துக்கு ஆள் பிடிக்க ஓட வேண்டும். நான் இருபது வருஷத்துக்கு முன் ஊரை விட்டுப் போனபோதும் இப்படித்தான் இருந்தது.

நானே கொடுக்கிறேன் என்று கையை நீட்டினேன். முதுகுவலிக்கு முந்தாநாள் ஆஸ்பிரின் போட்டேன் என்று சொன்னதும் ஃபாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாள் ஆக வேண்டுமாம். அதற்குள் அத்தை பையன் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். முக்கால் மணி நேரத்தில் பட்டறைப் பையன்கள் ஆறு பேர் மூன்று பைக்கில் வந்து இறங்கிவிட்டார்கள். விரல் நகத்திலெல்லாம் மெருகுக் கறுப்பு. ஒருவனுக்கு ஹீமோகுளோபின் 11.8, பன்னிரண்டரை வேண்டும். ஒருவனுக்கு நரம்பு சிக்கவில்லை. ஒருவன் ஐம்பது கிலோ தேறவில்லை, அதை வைத்து மற்றவர்கள் அவனைப் படுத்திய பாடு இருக்கிறதே! நாலாமவன் தேறினான். ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை வகை இரண்டு, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனை முடிய இரண்டு மணி நேரம். அப்புறம் மெஷினில் ஒன்றேகால் மணி நேரம். ஒரு கையில் ரத்தம் எடுத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பி அனுப்புகிற மெஷின். பையன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே கொடுத்தான். ஆயிரம் ரூபாய் நீட்டினேன், முறைத்தான். தட்டுவடை செட் மட்டும் ரெண்டு ப்ளேட் வாங்கித் தரச் சொன்னான்.

பதினொன்றேகாலுக்குப் பை ரெடி. அத்தை பையன் முன்யோசனையாக ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் தெர்மாகோல் பெட்டியோடு நின்றான். உள்ளேயிருந்து வந்த டெக்னீஷியன் அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"மீனு வாங்கவா வந்தீங்க?"

சிவப்பு ரத்தத்துக்குத்தான் குளிர்ச்சி. பிளேட்லெட்டுக்கு 20 முதல் 24 டிகிரி, அதுவும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர் பட்டால் உடம்பில் ஏறியதும் சீக்கிரம் அழிந்துவிடும். அப்படி வைத்தாலும் ஐந்து நாள்தான் ஆயுசு. இதையெல்லாம் அந்த அம்மா தூக்கக் கலக்கத்திலும் பொறுமையாகச் சொல்லி, பையை என் மடியில் வைத்து, "லேசா ஆட்டிட்டே போங்க சார்" என்று ஆட்டோ ஏற்றிவிட்டார். அவரைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

குறை எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கியது. பையை வார்டுக்குக் கொடுக்க பில் கவுன்ட்டர் முத்திரை வேண்டும். முத்திரை இருக்கிறது, மேஜை மேலேயே இருக்கிறது, என் கைக்கு எட்டும் தூரத்தில். குத்துகிற ஆள் சாப்பிடப் போயிருக்கிறார். செக்யூரிட்டி அண்ணன் என் கையையும் முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மேலே அத்தை வாயில் பஞ்சு வைத்துப் படுத்திருக்கிறார், கீழே நான் தாலாட்டுப் பாடாத குறையாக முப்பத்தைந்து நிமிஷம் ஆட்டிக்கொண்டிருந்தேன். கை மாற்றி ஆட்டினேன், உட்கார்ந்து ஆட்டினேன். இரண்டு தடவை அத்தை பையனிடம் கத்தினேன், அவன் என்ன செய்வான் பாவம். கொஞ்ச நேரம் ஆட்டாமல் விட்டாலும் பிளேட்லெட் கெட்டுவிடாது என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு யார் சொன்னார்கள்? ஆள் வந்தார், ஏப்பம் விட்டார், குத்தினார்.

மறுநாள் எண்ணிக்கை 43,000. அத்தை எழுந்து உட்கார்ந்து, பிரஷ் வேண்டாம் என்று சொன்னதால் விரலால் பல் தேய்த்து, மல்லிகைப்பூ வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். கூடாது, பூவில் கிருமி இருக்கும் என்றார் நர்ஸ். அத்தைக்கு வியாதியைவிட அது பெரிய வருத்தம்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் இடைக்கால பில் கொடுத்தார்கள். ஊசி, மாத்திரை, ரூம் வாடகை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏழாவது வரியில் 'பிளேட்லெட் பராமரிப்புக் கட்டணம், 350 ரூபாய்'. கவுன்ட்டரில் அதே ஆள். இது எதற்கு என்று கேட்டேன்.

"பையை ஆட்டி வைக்கிறதுக்கு சார்" என்றார்.