சொந்த ஊருக்கு ஒரு கைடு: கடலூரில் அரை நாள்

"ஏண்டா, பொறந்த ஊரச் சுத்திப் பாக்கக் காசு குடுத்து ஆள் வெக்கிறியா?"

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. ஓ.டி. என்கிற பழைய நகரத்தில் பிறந்து, மஞ்சக்குப்பத்தில் படித்து, இருபத்திரண்டு வயதுவரை கடலூரை விட்டு நகராதவன் நான். மெல்போர்ன் போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. மகளுக்குப் பதினாலு, மகனுக்கு ஒன்பது. வந்த இரண்டாம் நாள் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். அதோடு எனக்குத் தெரிந்த கடலூர் தீர்ந்துவிட்டது. "அப்புறம்?" என்றாள் மகள். சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பாண்டியில் தடுக்கி விழுந்தால் ஒரு வாக்கிங் டூர். இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடலூருக்கென்று கேட்டுப் பாருங்கள். "சிதம்பரம், பிச்சாவரம் போங்க சார், வழியில கடலூர் வரும்" என்பார்கள். நாலைந்து பேரிடம் கேட்டபிறகு ஒரு டிராவல்ஸ்காரர் ஒத்துக்கொண்டார். வண்டி, கைடு, நாலு பேர், அரை நாள், 5,500 ரூபாய். அட்வான்ஸை யு.பி.ஐ.யில்தான் அனுப்ப வேண்டும் என்றார். என் வெளிநாட்டு நம்பருக்கு அது வேலை செய்யவில்லை, மச்சான்தான் அனுப்பினான். தமிழில் பேசும் கைடு வேண்டும் என்று இரண்டு முறை வாட்ஸ்அப்பில் எழுதினேன். நம்பரைப் பார்த்துவிட்டு இங்கிலீஷ் கைடு என்றே பதிந்து வைத்திருக்கிறார்கள். எட்டு மணிக்கு வர வேண்டிய வண்டி எட்டு ஐம்பதுக்கு வந்தது. இந்த ஐம்பது நிமிஷம் பின்னால் உதைத்தது, சொல்கிறேன்.

கைடு அறுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். வெள்ளை முழுக்கைச் சட்டை, தோளில் துணிப்பை, கையில் குடை. மனப்பாடம் செய்த இங்கிலீஷில் "வெல்கம் டு கடலூர்" என்று ஆரம்பித்தார். வாசலில் நின்ற அம்மா "சாப்டீங்களா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டதுதான், தமிழுக்கு மாறிவிட்டார். மனுஷரே வேறு ஆளாகிவிட்டார். பிள்ளைகளுக்குப் புரியாத இடத்தில் என் மனைவி எடுத்துச் சொன்னாள்.

வண்டி குண்டு சாலைக்கு வந்ததும், "இந்த ரோட்டுக்கு ஏன் தம்பி இந்தப் பேரு?" என்றார்.

"குண்டும் குழியுமா இருக்கறதால."

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சைக்கிளில் அந்த ரோட்டில் போன காலத்தில் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கதை இதுதான். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்? பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை. மதராஸிலிருந்து பீரங்கி வந்தது, சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்கெல்லாம் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்துவிட்டது. குண்டு உப்பலவாடி அப்படி வந்த பெயர். சாலைக்கும் அதே கதைதான் என்றார் கைடு. கடலூர் பழைய நகரமும் அந்த எல்லைக்குள் அடக்கம். அதாவது எங்கள் ஓ.டி. குண்டு போட்டு அளந்து வாங்கிய சொத்து! முப்பத்தொன்பது வயதில் வாடகை வண்டியில் உட்கார்ந்து இதைத் தெரிந்துகொள்கிறேன்.

"அப்போ சுடுறவர் நல்லா சுட்டா நிறைய இடம் கிடைக்குமா?" என்றான் மகன். வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். "அதேதான் தம்பி! அந்த நெனப்புலதான் நல்ல பீரங்கியாப் பாத்து அனுப்பிச்சாங்க."

அந்தத் தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. பெயரை நம்பிப் போகாதீர்கள். மதிலும் கொத்தளமும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பழைய செங்கல்லும் புதருமாகக் கிடக்கும் இடத்தைக் காட்டி, "இதுக்கா வந்தோம்?" என்று மனைவி என் காதைக் கடித்தாள். ஆனால் கெடிலம் கடலில் சேரும் பக்கமாகக் கூட்டிப்போய், குடைக்கம்பியால் மணலில் படம் போட்டுக் காட்டினார் கைடு. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்ததும், 1752 வரை இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இதுதான். 1756-இல் ராபர்ட் கிளைவ் இங்கே ஆளுநர். 1758-இல் பாண்டியிலிருந்து பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து கோட்டையைப் பிடித்தார், இடித்துத் தள்ளினார். மூன்றே வருடத்தில், 1761-இல், ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை அதேபோல் தரைமட்டமாக்கினார்கள். "பழிக்குப் பழி. நடுவுல நம்ம ஜனம்" என்று சொல்லிவிட்டுக் காலால் படத்தை அழித்தார். மணலில் போட்ட அந்தப் படத்தை டிராவல்ஸ்காரர்கள் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். வாங்கும் காசுக்கு அது அதிகமில்லை.

கழிப்பறை என்று ஒன்றை யாரும் திட்டத்தில் யோசிக்கவே இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹோட்டலில் நாலு காபி வாங்கி அந்தப் பிரச்சினையை நாங்களே தீர்த்துக்கொண்டோம். பெண்பிள்ளையோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பாப்புலியூரில் லாரன்ஸ் ரோடு. தீபாவளித் துணி, பள்ளிக்கூட ஷூ, என் கல்யாணப் பட்டு எல்லாம் அங்கேதான் எடுத்தது. 1748-இல் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்த கம்பெனித் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் பெயர் அது என்றார் கைடு. இத்தனை வருடத்தில் லாரன்ஸ் யாரென்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

பாடலீஸ்வரர் கோயிலுக்குள் நுழையும்போது மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள். வண்டி நேரத்துக்கு வந்திருந்தால் நிதானமாகப் பார்த்திருக்கலாம். வெயில் ஏறிய கருங்கல்லில் பிள்ளைகள் குதித்துக் குதித்து ஓடினார்கள். சாக்ஸ் கொண்டுபோனால் பிழைப்பீர்கள். பாதிரி மரம் தலவிருட்சம், புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம், இரண்டும் சேர்ந்து பாதிரிப்புலியூர் என்றார். "ஆயிரத்து முந்நூறு வருஷக் கட்டடம்" என்று அவர் சொன்னதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அப்பர் பாடியது ஏழாம் நூற்றாண்டு, சரி. இப்போது நிற்கும் கற்கோயிலில் உள்ளவை சோழர் காலத்துக் கல்வெட்டுகள். மெதுவாகச் சொன்னேன். "ஆமாந்தம்பி, தலம் பழசுன்னு சொல்லணும்" என்று உடனே திருத்திக்கொண்டார். எத்தனை கைடு இதைச் செய்வார்கள்?

நடை சாத்தியபிறகு வெளியே நிழலில் உட்கார்ந்து அவர் பேசியதுதான் அன்றைய காசுக்கு ஈடு. இந்த ஊர் ஒரு காலத்தில் சமணர்களின் பெரிய கல்வி இடம். அப்பரே முதலில் தருமசேனராக இங்கே சமண மடத்தில் தலைமையில் இருந்தவர். சர்வநந்தி என்ற சமண முனிவர் எழுதிய 'லோகவிபாகம்' இங்கே கி.பி. 458-இல், பல்லவ மன்னன் சிம்மவர்மன் காலத்தில் எழுதப்பட்டது. பின்னால் வந்த சமஸ்கிருத வடிவம்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. பூஜ்யத்தோடு இடமதிப்பு முறையில் எண்களைச் சொல்லும் மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. கம்ப்யூட்டர்காரன் நான் வாயைப் பிளந்தேன். மகள் போனை எடுத்து அங்கேயே தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இட்ஸ் ட்ரூ" என்றாள். வாத்தியார் சொன்னால் போதாது, போனும் சொல்ல வேண்டும்.

பிறகு கரையேறவிட்டகுப்பம். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய இடமாக வழிபடுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து கடல் கண்ணுக்கே எட்டவில்லை. "அவர் எவ்ளோ தூரம் நடந்தார்?" என்றான் மகன். ஆறும் கடலும் காலத்துக்குக் காலம் இடம் மாறும் என்று கைடு சொன்னது அவனுக்குப் போதவில்லை.

கேப்பர் மலைச் சிறையை வண்டிக்குள்ளிருந்தே பார்த்தோம். பத்து வருடம் பாண்டியில் இருந்த பாரதி 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கைதாகிக் கடலூர் சிறையில் அடைக்கப்பட்டார், டிசம்பரில் விடுதலை. திருவந்திபுரம் பெருமாள் கோயிலும் பட்டியலில் இருந்தது; ஆனால் அன்று முகூர்த்த நாள். வழியெல்லாம் கல்யாண வேன்கள், பாதியில் திரும்பிவிட்டோம். முகூர்த்தம் காலண்டரில் இருக்கிறது, டிராவல்ஸ்காரர் பார்த்திருக்கலாம். விட்டுப்போன இடத்துக்காகப் பணம் கேட்டேன். மச்சான் மூன்று முறை போன் செய்தபிறகு 500 ரூபாய் வந்தது.

கைடுக்குத் தனியாகக் கொடுத்ததை முதலில் வாங்க மறுத்தார், பிறகு பிள்ளைகள் கையால் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். இறங்கும்போது, "அடுத்த தடவ பஸ்லயே போலாம் தம்பி, இவ்ளோ செலவு வேணாம்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, திருவந்திபுரத்துக்கு அப்படித்தான் போகப்போகிறோம்.

மறுநாள் காலை மொட்டைமாடியில் ஒரே சத்தம். மகன் டென்னிஸ் பந்தை நாலு பக்கமும் வீசி, விழுந்த இடம்வரை நம்ம இடம் என்று அம்மாவிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாவது வீச்சு எதிர்வீட்டுக் கொல்லையில் போய் விழுந்தது. அந்த வீட்டு அத்தை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்றார்.

"எங்க வூட்ல வுழுந்தா எங்களுது. வேணும்னா வந்து வாங்கிக்க."