செட்டிநாட்டு வீட்டுக்கு 50 பிரைமா, 18-55 ஜூமா?
கானாடுகாத்தான் வீட்டின் முகப்பையும் வளவையும் (நடு முற்றப் பகுதி) முழுசாகப் படம் பிடிக்க 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ்தான் சரி. கேனான் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில், ஜூம் செய்ய முடியாத 50 மி.மீ. பிரைம் லென்ஸின் பார்வை 80 மி.மீ. போலக் குறுகிவிடும், பின்னால் நகர இடமிருக்காது. 18-இல் கேமராவை மேலே சாய்த்தால் தூண்கள் உள்பக்கம் சரியும், மட்டமாகப் பிடியுங்கள்.

வீட்டின் உள்ளே இருட்டான இரண்டாம் கட்டுப் பகுதியில் நிலைக்கதவுச் சிற்பம் எடுக்க 50 எஃப் 1.8 எஸ்டிஎம் பிரைம் அருமை. ஜூம் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). பிரைம் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி வாங்கும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 கேட்ட இடத்தில் 640 போதும். ஆனால் அரை மீட்டர் தூரத்தில் யாளியின் மூக்கு தெளிந்தால் காது மங்கும். எஃப் 4 வரை மூடினால் ஓரளவு சரியாகும், ஆனால் ஒளி லாபம் ஒரு ஸ்டாப்பாக (இரு மடங்காக) சுருங்கும். பிரைமில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசரும் கிடையாது, ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள்.

ஒன்றுக்குத்தான் காசு என்றால் ஜூமை வாங்குங்கள்.