அலி கையெழுத்துப் போட்ட புத்தகம் என்று 18,000 ரூபாய் கொடுத்தேன்

மலையகத்தில் பழைய குத்துச்சண்டைப் புத்தகம் சேர்க்கிறவர்களை எண்ணினால் ஒரு வேன் நிறையாது. அந்த ஆட்களுக்குத்தான் இந்தப் பதிவு. கொழும்பிலிருந்து ஒருவர் "அலி கையெழுத்திட்ட முதல் பதிப்பு" என்று படம் போட்டு விற்கிறார். நான் வாங்கினேன், ஏமாந்தேன்.

புத்தகம், முகம்மது அலியின் சுயசரிதை 'த கிரேட்டஸ்ட்'. 1975 இல் ராண்டம் ஹவுஸ் வெளியிட்டது. ரிச்சர்ட் டர்ஹம் கூட இருந்து எழுதியது. பதிப்பாசிரியர் யார் தெரியுமா, பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய டோனி மொரிசன். என்னிடம் ஏற்கெனவே இதன் மலிவுப் பதிப்பு இருக்கிறது, அட்டை போய், நடுவில் நான்கு தாளும் போய். நல்ல பிரதி ஒன்று வேண்டும் என்று பல வருட ஆசை.

ஆசைக்குக் காரணம் அப்பா. 1974 ஒக்டோபர் 30, ஆபிரிக்காவில், இன்றைய கொங்கோவின் கின்ஷாசாவில் அலியும் ஜோர்ஜ் ஃபோர்மனும் உலகப் பட்டத்துக்கு மோதியபோது அங்கே விடியற்காலை நான்கு மணி. அமெரிக்கக்காரர்கள் பார்க்க வசதியாக வைத்த நேரம் அது. இங்கே காலை எட்டரை. அப்பா தோட்டத்துப் பெக்டரியில் கொழுந்துக்கு நடுவில் நின்றிருக்கிறார். சாயங்காலம் ரேடியோவில் கேட்டுவிட்டு, மறுநாள் பாண் கியூவில் நின்ற அத்தனை பேருக்கும் எட்டு ரவுண்டையும் தானே பார்த்தது மாதிரி சொன்னாராம். அந்த அப்பாவின் பிள்ளையிடம் அலி கையெழுத்து என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்?

விற்கிறவரைத் தொலைபேசியில் எடுத்தேன். "தம்பி, எங்க தகப்பனாரும் அலி பைத்தியம்தான். வேறு ஆள் இருபதுக்குக் கேட்டவர். நீங்கள் படிக்கிற ஆள் என்றபடியால் பதினெட்டுக்குத் தாறேன்" என்றார். "சரி அண்ணன்" என்று ஒன்பதாயிரத்தை அன்றைக்கே வங்கியில் போட்டுவிட்டேன். மீதி ஒன்பதாயிரம் பார்சல் வந்ததும். அவர் அனுப்பிய படங்கள் இரண்டே இரண்டு: மேலட்டை ஒன்று, கையெழுத்துப் பக்கம் ஒன்று. மேலட்டையின் வலது மூலையில் சின்னக் கிழிசல், அடியில் பச்சைத் துணி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பு என்ற விவரம் இருக்கும் உரிமைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் பொய். கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று நினைப்பாரோ என்று கூச்சப்பட்டேன்.

பார்சல் ஹட்டனுக்கு வந்த அன்று நல்ல மழை. காசைக் கொடுத்தால்தான் பிரிக்க விடுவார்கள் என்றார் கூரியர் பையன். அது அவன் குற்றமில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. கொடுத்துவிட்டு வீட்டில் வந்து பிரித்தேன். முதலில் வந்தது வாசனை: குழந்தைப் பவுடர். அதற்கடியில் பூஞ்சணம். பவுடரைத் தூவி நாற்றத்தை மறைத்திருக்கிறார் மனுஷன். இந்த ஊர்ப் பனியில் புத்தகம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், பூஞ்சணம் பிடித்த ஒரு புத்தகத்தை அலமாரியில் செருகினால் பக்கத்துப் புத்தகத்தையும் பிடிக்கும். மேலட்டையில் கிழிசல் இல்லை. படத்தில் இருந்த பிரதியே இல்லை இது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேலட்டையின் உள்மடிப்பில் விலை அச்சிட்டிருக்க வேண்டும், இல்லை. வெட்டி எடுத்ததும் இல்லை, அச்சடிக்கவே இல்லை. பின்னட்டையின் கீழ்மூலையில் விரல் நுனி அளவு ஒரு பள்ளம், மையில்லாமல் அழுத்திய முத்திரை. இரண்டும் சேர்ந்தால் அது புக் கிளப் பதிப்பு என்று அர்த்தம். உறுப்பினர்களுக்கென்று மலிவுத் தாளில் அடித்தது. படிக்க நல்லதுதான், சேர்க்கிறவனுக்கு அதில் விலை இல்லை. உரிமைப் பக்கமும் அதையே சொன்னது. ராண்டம் ஹவுஸ் அந்தக் காலத்தில் முதல் அச்சில் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற சொல்லோடு எண் வரிசை ஒன்றும் போடும், அதில் மிகச் சிறிய எண் 2. வேறு பல பதிப்பகங்களில் 1 ஐத் தேட வேண்டும், இவர்களிடம் 1 இருக்காது. என் பிரதியில் சொல்லும் இல்லை, எண்ணும் இல்லை.

கையெழுத்துக்கு வருவோம். தனித்தாளில் போட்டு முன்பக்கத்தில் ஒட்டியிருந்தது. மகளின் பள்ளிக்கூட உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் கோடு முழுக்கப் புள்ளி, நீலமும் சிவப்பும் கறுப்புமாக. பேனா புள்ளி புள்ளியாக எழுதாது, பிரிண்டர்தான் எழுதும். ஈரப் பஞ்சால் ஓரத்தைத் தொட்டேன், மை ஊறிப் பரவியது. இதைவிடச் சிரிப்பு: "1975 இல் புத்தகம் வந்த நேரமே போட்டது" என்றுதான் விற்றார். எழுபதுகளில் அலி போட்ட கையெழுத்து பெரிதாக, வேகமாக ஓடும். 1984 இல் பார்கின்சன் நோய் என்று கண்டுபிடித்த பிறகு வந்ததுதான் சின்னதாக, நடுங்கின எழுத்து. ஒட்டியிருந்தது நடுங்கின எழுத்து.

தூண்டிலில் இன்னொன்றும் போட்டிருந்தார். '1970 இல் கேஷியஸ் கிளே என்று கையெழுத்திட்ட' புகைப்படமாம். அது அலிக்குப் பிறப்பில் வைத்த பெயர். சோனி லிஸ்டனை வென்று உலகப் பட்டம் பெற்ற 1964 இலேயே அந்தப் பெயரை அடிமைப் பெயர் என்று தள்ளிவிட்டார் அலி. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட எர்னி டெரல் என்ற குத்துச்சண்டை வீரரை 1967 இல் மேடையிலேயே "என் பெயர் என்ன?" என்று கேட்டுக் கேட்டு அடித்தவர். மூன்று வருடம் கழித்துப் பழைய பெயரில் கையெழுத்துப் போட்டாராம்! இதைப் படித்த அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விற்ற அண்ணனுக்கு எடுத்துச் சொன்னேன். முதல் நாள் "பார்த்துச் சொல்றேன் தம்பி". இரண்டாம் நாள் "நீங்கள்தானே மாற்றியிருக்கிறீர்கள்". மூன்றாம் நாளிலிருந்து அழைப்பே போகவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் என் கையில் பற்றுச்சீட்டும் இல்லை, விலாசமும் இல்லை. வங்கித் துண்டும் ஒரு கைபேசி இலக்கமும்தான். இனிமேல் வாங்குகிறவர்கள் உரிமைப் பக்கம், உள்மடிப்பு, பின்னட்டை மூலை மூன்றுக்கும் அன்றைய பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். தர முடியாதென்றால் முற்பணம் ஒரு சதமும் போடாதீர்கள்.

புத்தகத்தை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, மற்றவற்றோடு சேராமல் அடுப்படிப் பக்கம் வைத்திருக்கிறேன். ராத்திரியில் எடுத்துப் படிக்கத்தான் செய்கிறேன், பவுடர் வாசனையோடு. அலி தன் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை ஓஹியோ ஆற்றில் எறிந்த கதை அதில்தான் வருகிறது. எறியவில்லை, தொலைத்துவிட்டார் என்று பிறகு அவரோடு இருந்தவர்களே சொன்னார்கள். அந்தக் கதைக்கு ஏமாறுவதில் எனக்கு வருத்தமில்லை.

போன செவ்வாய்க்கிழமை விளம்பரம் திரும்பவும் வந்திருக்கிறது. அதே படம், வலது மூலையில் அதே கிழிசல், அடியில் அதே பச்சைத் துணி. விலை இப்போது 22,000.