ஸ்டார் அட்டையா, வரிசை அட்டையா, காசா: பிள்ளைகளைப் பொறுப்புக்குப் பழக்க எது தாங்கும்?

"செருப்பை எடுத்து வை" என்று ஒரே மாலையில் ஐந்து முறை சொல்லும் வீட்டில், அந்தச் செருப்பைப் பற்றிய ஞாபகம் யாரிடம் இருக்கிறது? சொல்கிறவரிடம். பிள்ளைக்கு அது தேவையே இல்லை, எப்படியும் யாராவது சொல்வார்கள். மூன்று வயது முதல் பன்னிரண்டு வரையிலான பிள்ளைகளைத் தினசரி வேலைகளுக்குப் பழக்க இன்று புழங்கும் முறைகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இந்த முறை, ஞாபகத்தைப் பெரியவர் தலையிலிருந்து இறக்கி வைக்கிறதா? உடனே பலன் தருகிறதா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. மிரட்டல்கூட உடனே பலன் தரும்.

சொல்லிக்கொண்டே இருப்பது

தயாரிப்பே வேண்டாம் என்பதால்தான் எல்லா வீட்டிலும் இது ஓடுகிறது. ஆறு முறை சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு ஏழாவது முறை கத்தினால், பிள்ளை கற்றுக்கொள்வது "ஏழாவதுதான் நிஜம்" என்பதை. அடமும் அப்படித்தான் வளர்கிறது. நான்கு நாள் உறுதியாக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் "சரி, இன்னைக்கு மட்டும்" என்று விட்டுக்கொடுத்தால், அடம் இன்னும் கெட்டிப்படும். எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம்தான் அழியாமல் நிற்கும் என்பதை, பழக்கங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னர் காலத்து ஆய்வுக்கூடங்களிலேயே கண்டுவிட்டார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் இதன் மறுபக்கத்தை விளக்கினார். பிள்ளை கத்துகிறது, பெரியவர் பின்வாங்குகிறார், கத்தல் நிற்கிறது. அந்த நொடியில் இருவருக்குமே நிம்மதி. அதனால் அடுத்த முறையும் இருவரும் அதையே செய்கிறார்கள்.

சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் அடுத்த அறையிலிருந்து சொல்ல வேண்டாம். கை எட்டும் தூரத்துக்குப் போய், பெயர் சொல்லி, கண் பார்த்த பிறகு ஒரே வாக்கியம்: "பை கதவுப் பக்கம்." பிறகு ஐந்து முதல் பத்து விநாடி பேசாமல் நிற்க வேண்டும். பெரியவர்களுக்குக் கஷ்டமான இடம் இந்தப் பத்து விநாடிதான். "எடுத்து வைக்கிறியா?" என்று கேள்வியாகக் கேட்டால், "மாட்டேன்" என்பதும் நியாயமான பதிலாகிவிடும்.

ஸ்டார் அட்டையும் வரிசை அட்டையும்

உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் சுவரில் ஒட்டிய அட்டை. உள்ளே நடப்பது வேறு. வேலை முடிந்ததும் ஸ்டார் ஒட்டும் ஸ்டார் அட்டை "செய்தால் என்ன கிடைக்கும்" என்று சொல்கிறது. வேலையின் படிகளைப் படமாக அடுக்கிய வரிசை அட்டை "அடுத்து என்ன" என்று சொல்கிறது.

ஸ்டார் அட்டையின் பலம் வேகம். மூன்று நான்கு நாளில் மாற்றம் தெரியும். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு செயல், அதிகம் போனால் மூன்று. "நல்ல பிள்ளையா இருக்கணும்" என்பது செயலே அல்ல, "இரவு எட்டுக்குள் பொம்மைகள் கூடைக்குள்" என்பது செயல். பிள்ளை ஏற்கெனவே பாதி நாட்களாவது செய்கிற ஒன்றில் தொடங்க வேண்டும், முதல் வாரமே தோற்றால் அட்டை செத்துவிடும். வேலை முடிந்த ஒரு நிமிடத்துக்குள் ஸ்டார் ஒட்ட வேண்டும். முதல் வாரம் மூன்று ஸ்டாருக்கு ஒரு சின்னப் பரிசு, அடுத்த வாரம் ஐந்துக்கு. கூடுதலாக ஒரு கதை, விளையாட ஒரு பத்து நிமிடம் போன்றவை போதும். கொடுத்த ஸ்டாரைக் கோபத்தில் பிடுங்கக் கூடாது. பிடுங்கிய அன்றே அது பரிசு அட்டை என்ற நிலை போய் அபராத அட்டை ஆகிவிடும்.

அது உடையும் இடங்களும் தெரிந்தவைதான். ஒட்ட மறப்பது பெரும்பாலும் பெரியவர். பரிசு பெரிதாகிக்கொண்டே போகும். பிறகு ஒருநாள், கேட்காத வேலைக்கும் "இதுக்கு எத்தனை ஸ்டார்?" என்ற கேள்வி வரும்.

1973இல் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் நடத்திய ஆய்வை ஸ்டார் அட்டைக்கு எதிராக அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். படம் வரைவதில் ஆசை உள்ள சிறு பிள்ளைகளிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பின்னர் தாமாக வரையும் நேரம், பரிசு பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகளுக்கு வரைவது ஏற்கெனவே பிடிக்கும். பல் துலக்குவதில் ஆசை உள்ள பிள்ளை அரிது. எனவே பிடிக்காத வேலையைத் தொடங்கி வைக்க ஸ்டார் உதவும். தானாகவே ஓடி வந்து துணி மடிக்கிற குழந்தைக்கு ஸ்டார் கொடுப்பதுதான் தவறு. உளவியலாளர்கள் வார்னெக்கனும் டொமசெல்லோவும் 2008இல் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்ததும் இதுவே. உதவியதற்குப் பொருளாகப் பரிசு பெற்ற குழந்தைகள் பிறகு குறைவாக உதவினார்கள், பாராட்டு மட்டும் பெற்றவர்கள் அப்படிக் குறையவில்லை.

இப்போது வரிசை அட்டை. பள்ளி விட்டு வந்த பையையே எடுத்துக்கொள்வோம். "பையை எடுத்து வை" என்பது பெரியவர் காதுக்கு ஒரு வேலை. ஆறு வயதுக் கையில் அது ஆறு வேலை: சாப்பாட்டு டப்பா தொட்டிக்கு, தண்ணீர் பாட்டில் வெளியே, டைரி மேசைக்கு, நாளைய புத்தகங்கள் உள்ளே, ஜிப், கடைசியில் பை கதவுப் பக்கம். நடுவில் திகைத்து நிற்கும் பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். மூன்றாவது எது என்று தெரியாமல்தான் பெரும்பாலும் அது நிற்கிறது.

இதற்குப் பின்னாலிருந்து பழக்குவதே நல்லது. முதல் நாள் ஐந்து படியைப் பெரியவர் பிள்ளை பார்க்கச் செய்துவிட்டு, கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். இரண்டு மூன்று நாளில் கடைசி இரண்டு படி, பிறகு மூன்று. இப்படிப் பழகினால் "முடித்துவிட்டேன்" என்ற இடம் எப்போதும் பிள்ளையின் கையில் வரும். முதல் படியிலிருந்து தொடங்கினால், பாதியில் பொறுமை போய் மீதியைப் பெரியவர் முடிப்பார், பிள்ளைக்குப் பழகுவது பாதியில் விடுவதுதான்.

அட்டைக்கு ஏ4 தாளைப் பாதியாக மடித்த அளவு போதும். நான்கு வயதுக்கு மூன்று படம், ஆறுக்கு மேல் ஐந்தாறு. அந்தப் பிள்ளையின் சொந்த டப்பா, சொந்தப் பையின் போட்டோ என்றால் இன்னும் நல்லது. பிள்ளையின் கண் மட்டத்தில், வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்ட வேண்டும். ஃபிரிட்ஜ் கதவின் உச்சியில் ஒட்டியது பெரியவருக்கான அட்டை. ஓரத்தில் துணிக் கிளிப் ஒன்றை மாட்டி, முடிந்த படிக்குப் பக்கத்தில் பிள்ளையே நகர்த்தட்டும். பெரியவருக்கு மிச்சம் ஒரே வசனம்: "அட்டையில அடுத்து என்ன?" வேலையின் பெயரைப் பெரியவர் உச்சரித்துவிட்டால் பழைய கதைதான்.

சலிப்பான வேலை முன்னால், பிடித்தது பின்னால். உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959இல் எழுதிய இந்த விதிக்குப் 'பாட்டி விதி' என்றே செல்லப்பெயர் உண்டு, பாட்டிகளுக்கு அது முன்பே தெரியும் என்பதால். சொல்லும்போது ஒரு விகுதியில் கவனம் வேண்டும். "பொம்மையை எடுத்து வச்சா கதை" என்றால் பேரத்துக்குக் கதவு திறக்கும், வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று பிள்ளை யோசிக்கும். "எடுத்து வச்சதும் கதை" என்றால் வேலை நடக்கப்போவது முடிவான விஷயம். பின்னால் வைப்பது கதை, விளையாட்டு போன்றவையாக இருக்கட்டும். சாப்பாட்டையும் மடியில் உட்காரும் உரிமையையும் இந்த வரிசையில் கோக்கவே கூடாது.

வரிசையின் பலவீனம் தாமதம். முதல் வாரம் சொல்வதைவிட அதிக நேரம் பிடிக்கும், ஸ்டாரைப் போலப் பளிச்சென்று எதுவும் தெரியாது. பெரியவர் கையில் 30 நிமிடம் பிடிக்கும் காலைப் பொழுதுக்கு ஐந்து வயதோடு 45 வைத்துக்கொள்ள வேண்டும். அது முடியாத வீட்டில் பையையும் உடுப்பையும் முதல் நாள் இரவுக்கே தள்ளிவிடலாம். "21 நாளில் பழக்கம்" என்ற பேச்சை நம்பி அளக்க வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கணக்கில், பெரியவர்களுக்கே ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரி 66 நாள், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை. அதே ஆய்வில், ஒருநாள் தவறியதால் பெரிய கெடுதல் வரவில்லை.

காசு

வேலைக்குக் காசு என்பது எட்டு வயதுக்கு மேல் ஒன்றிரண்டு மாதம் அருமையாக ஓடும். பிறகு, கையில் காசு சேர்ந்த ஒரு நாள், "இன்னைக்கு எனக்குக் காசு வேண்டாம்" என்று பிள்ளை தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழும். அந்தப் பதிலில் பிழை சொல்ல முடியாது. விற்க விருப்பமில்லாத உழைப்பை விற்காமல் இருக்கலாம் என்று சொல்லிக் கொடுத்ததே நாம்தான். எனவே தன் தட்டு, தன் படுக்கை, தன் துணி ஆகியவற்றுக்கு விலை வைக்கக் கூடாது. கைச்செலவுக் காசு தருவதென்றால் வேலையோடு முடிச்சுப் போடாமல் வாரம் ஒரு நாள் தரலாம், அது காசைக் கையாளப் பழகுவதற்கு. பரண் ஒழிப்பது, வண்டி கழுவுவது போன்ற எப்போதாவது வரும் கூடுதல் வேலைக்குக் கூலி பேசலாம்.

விளைவை அனுபவிக்க விடுவது

மனநல மருத்துவர் ஆட்லரின் வழிவந்த ருடால்ப் டிரைக்கர்ஸ் பரப்பிய முறை இது. கூடையில் போடாத துணி துவைக்கப்படாது. மறந்த நோட்டைப் பின்னாலேயே ஓடிக் கொண்டு போய்க் கொடுப்பதில்லை. ஞாபகத்தைப் பிள்ளையிடம் ஒப்படைப்பதில் இதற்கு இணை கிடையாது. ஆனால் எளிதில் தண்டனையாக வழுக்கிவிடும். துணி கூடையில் இல்லை என்பதற்காக டிவியை நிறுத்தினால், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. "சொன்னேன்ல, இப்ப அனுபவி" என்ற ஒரு வாக்கியம் போதும், பிள்ளையின் கவனம் துணியிலிருந்து நம் முகத்துக்கு மாறிவிடும். முன்கூட்டியே ஒரு முறை சொல்லியிருக்க வேண்டும், நடக்கும்போது பேச்சு கூடாது.

மூன்று இடங்களில் இது செல்லாது: ஆபத்து உள்ள இடம், பல் சொத்தை போல விளைவு மாதக்கணக்கில் தள்ளி வரும் இடம், விளைவு வேறொருவர் தலையில் விழும் இடம். பிள்ளை தாமதித்தால் அப்பா வேலைக்குத் தாமதமாவார் என்றால், அங்கே பாடம் படிப்பது அப்பா.

குடும்பக் கூட்டம்

வாரம் ஒரு முறை, அதே கிழமை, 15 முதல் 20 நிமிடம். ஒவ்வொருவரும் ஒருவருக்கு நன்றி, போன வார முடிவு என்ன ஆனது, ஒரே ஒரு சிக்கல், கடைசியில் சேர்ந்து செய்யும் ஜாலியான ஏதாவது. ஐந்து வயதுக்குக் கீழே பெரிய பயனில்லை. யார் எதைச் செய்யவில்லை என்று விசாரணை நடத்தினால் இரண்டாவது வாரமே ஆள் வராது. தனியாக நடத்தினால் இது பேச்சோடு நிற்கும், வரிசையை யார் எப்போது மாற்றுவது என்று முடிவெடுக்கும் இடமாக வைத்தால் எடுபடும்.

எதோடு எதைச் சேர்ப்பது

அடித்தளம் வரிசை அட்டை. அதில் ஒரே ஒரு படி பிடிவாதமாக நகரவில்லை என்றால், அந்தப் படிக்கு மட்டும் மூன்று முதல் ஆறு வாரம் ஸ்டார் போட்டு, பிறகு எடுத்துவிடலாம். ஏழெட்டு வயதுக்குப் பிறகு விளைவு, அதுவும் பிள்ளையின் சொந்தப் பொருள்களில். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு தனி அட்டை, ஒப்பிட்டுப் பேசாமல். தாத்தா பாட்டி, வீட்டில் இருக்கும் மற்றவர்கள் எல்லோரும் "அட்டையில அடுத்து என்ன?" என்ற அந்த ஒரே வசனத்தைச் சொல்ல ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பையைத் தானே எடுத்து வைத்துவிட்டால் அன்றைக்கு அட்டை வெறும் படம்தான்.

நீண்ட விடுமுறைக்குப் பிறகு எல்லாம் மறந்தது போலத் தெரியும். புதிதாக எதையும் தொடங்காமல் மூன்று நாள் பக்கத்தில் நின்றால் போதும். அட்டையை எடுக்கும் காலம் வந்தால் மொத்தமாகக் கிழிக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு படத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டலாம், பிள்ளை தடுமாறாத படியிலிருந்து தொடங்கி. மூடிய படி ஒரே வாரத்தில் இரண்டு முறை விட்டுப்போனால் அந்தத் தாளை மட்டும் பிரித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒட்டலாம்.