கொலோமே மல்பெக்: மலைநாட்டு முந்திரிகையின் வைன்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா கொண்டுவந்த, ஆர்ஜென்ரீனாவின் கொலோமே நிறுவனத்து மல்பெக் (ஒருவகைக் கருமுந்திரிகை, அதாவது கருந்திராட்சை) வைனை, குருநகரில் வாங்கிய நண்டுக்கறியோடு சுவைத்தேன். 1831 இல் சால்ற்ரா மாகாணத்தின் கல்சாக்கிப் பள்ளத்தாக்கில் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் மிக உயர்ந்த தோட்டம் 3,111 மீற்றர் உயரத்தில், அதாவது 2,524 மீற்றரான நமது பீதுருதாலகாலை மலையின் உச்சிக்கும் மேலே இருக்கிறது. அங்கே கடும் வெயில் பழத்தோலைத் தடிப்பாக்க, இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது; வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் முந்திரிகைக்கு அந்தக் குளிர் கிட்டுவதில்லை. நாவற்பழக் கருமையும், நாவில் தங்கி மெல்லக் கரையும் துவர்ப்பும் எனக்குப் பிடித்தன. ஆனால் நண்டுக்கறியின் உறைப்பை இது இன்னும் கூட்டிவிட்டது. ஆட்டிறைச்சிப் பிரட்டலே பொருத்தம். யாழ்ப்பாணத்து வெக்கையில் சற்றுக் குளிரவைத்த பின்பே போத்தலைத் திறக்கவேண்டும்.