ராஜகுமாரனின் கறுப்பு

முதலில் போஸ்டர் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் என்னை பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்பட அறை வரை இழுத்துக்கொண்டு போனது.

நான் சிவகாசிக்காரன். 34 வருஷம் அச்சகத்தில் இருந்தேன். பிளேட் போடுவதில் ஆரம்பித்து நாலு கலர் மிஷினில் முடித்தேன். இப்போது லண்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். என் பிறந்தநாளுக்கு மகள் ஆன்லைனில் ஒரு கேன்வாஸ் படம் வரவழைத்தாள். ஓவியர் வான் டைக் 1631-32ல் வரைந்த ரூபர்ட் இளவரசன்; அசல் வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன், கறுப்பு உடை, பக்கத்தில் அவனையே பார்த்துக்கொண்டு ஒரு பெரிய நாய். விலை 24 பவுண்டு. கடையின் பெயர் வேண்டாம்.

துணியைக் கட்டைக்குப் பின்னால் மடக்கி அடித்ததில் நாயின் பின்பாதி பக்கவாட்டில் போய்விட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கறுப்பைத்தான் தாங்க முடியவில்லை. பையன் போட்டிருப்பது நீர்க்க விட்ட காப்பி நிறச் சட்டை! லென்ஸை வைத்துப் பார்த்தேன். கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் பொடிப்பொடியாகத் தூவிக் கிடக்கின்றன. கறுப்பு மையில் மட்டும் சிக்கனம். எழுதிக் கேட்டதற்கு, உங்கள் கம்ப்யூட்டர் திரையும் அச்சும் ஒன்றாக இருக்காது என்று பதில் வந்தது. இதையே எத்தனை வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

அப்புறம்தான் இந்தப் பையன் யார் என்று தேட ஆரம்பித்தேன். 1619ல் பிராகில் பிறந்தவன். அம்மா இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸின் மகள். மறுவருஷமே அப்பாவுக்கு ராஜ்ஜியம் போய், குடும்பம் ஊரைவிட்டு ஓடியது. அந்த அவசரத்தில் கைக்குழந்தையை மறந்தே விட்டார்களாம். கடைசி நிமிஷத்தில் யாரோ கண்டுபிடித்து வண்டியில் போட்டார்கள். பதினெட்டு வயதில் போரில் பிடிபட்டு லின்ஸ் நகரில் மூன்று வருஷச் சிறை. 22 வயதில் மாமா முதலாம் சார்லஸின் குதிரைப்படைக்குத் தளபதி. லின்ஸில் கிடைத்த ‘பாய்’ என்ற வெள்ளை நாயைப் போர்க்களத்துக்கும் கூட்டிக்கொண்டு போனான். எதிரிகளான பாராளுமன்றக் கட்சியார் அதைச் சூனியக்காரியின் ஏவல் என்று அச்சடித்துப் பரப்பினார்கள். 1644ல் மார்ஸ்டன் மூர் சண்டையில் அது செத்தது. வான் டைக் படத்தில் இருப்பது அந்த நாய் இல்லை. கணக்குப் பார்த்தாலே தெரியும்.

இதெல்லாம் சரி, ராஜா வீட்டுக் கதை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு. இந்த ஆள் அச்சு வேலை செய்திருக்கிறான்! மெசோடின்ட் என்கிற செப்புத்தகட்டு முறை. அதைக் கண்டுபிடித்தவர் லுட்விக் ஃபான் சீகன், 1642ல்; அவரும் பட்டாளத்து ஆள்தான். அவரிடமிருந்து கற்று, வளர்த்து, இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் ரூபர்ட். (இனி ‘அவன்’ வேண்டாம், தொழில்காரர்.) துருப்பிடித்த துப்பாக்கியை ஒரு சிப்பாய் சுரண்டுவதைப் பார்த்து ரூபர்ட்டுக்கே யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சீகனின் படம் முன்னாலேயே வந்துவிட்டதே.

அவர் கையால் செய்த அச்சு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று மகள் சொன்னபோது நம்பவில்லை. அச்சுப்படங்களுக்கும் கோட்டோவியங்களுக்கும் அங்கே தனியாக ஒரு படிப்பறை வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். காசு கிடையாது. மியூசிய வலைத்தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் இருக்கிறது; எது வேண்டுமோ அதன் எண்ணை எழுதி அனுப்பினோம். மான்டேக் பிளேஸ் பக்கத்து வாசலில் நுழைந்தால் சுற்ற வேண்டாம். 90ஆம் அறைக்குப் போய்க் கதவருகே மணியடித்தோம். கோட்டு, பை எல்லாம் வெளியே. பேனா கூடாது, பென்சில்தான். கையைக் கழுவச் சொன்னார்கள். எங்கள் ஊரில் மிஷினைத் தொட்டுவிட்டுத்தான் கை கழுவுவோம். இங்கே தொடுவதற்கு முன்னால்.

முதலில் வந்தது ரூபர்ட் 1658ல் செய்த சிரச்சேதக்காரன் படம். ஓவியர் ரிபேராவின் பாணியில் வரைந்த ஓர் ஓவியத்தைப் பார்த்துச் செய்தது. ஒரு கையில் வாள், மறுகையில் பைபிளில் வரும் யோவான் ஸ்நானகனின் வெட்டுண்ட தலை. இரண்டடி உயரம் இருக்கும். தடித்த அட்டைச் சட்டத்தில் பொருத்தி, சாய்வான தாங்கியில் வைத்தார்கள்.

அந்தக் கறுப்பைப் பற்றி என்ன சொல்ல? வெல்வெட் என்பார்கள், பழைய உவமை. எனக்குத் தோன்றியது அடுப்படிச் சுவர்க் கரி. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் போல இருந்தது. உருப்பெருக்கி கேட்டேன், கொடுத்தார்கள். புள்ளி இல்லை, படத்தைப் புள்ளியாக்கும் அச்சு ஸ்கிரீன் இல்லை. பல் வைத்த பட்டறைக் கருவியால் செப்புத்தகடு முழுவதையும் குறுக்கும் நெடுக்கும் கொத்தி, சொரசொரப்பாக்கி விடுகிறார்கள். அப்படியே மை போட்டு அச்சடித்தால் முழுக் கறுப்பு. பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அங்கே மை நிற்காது. அதாவது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற வேலை. நாங்கள் லித்தோ அச்சுக் காலத்தில் ஜிங்க் பிளேட்டின் மேல் கோலிக்குண்டுகளைப் போட்டு உலுக்கி, சொரசொரப்பாக்கும் கிரெய்னிங் செய்வோம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எங்களுடையது தண்ணீர் நிற்பதற்கு, அவருடையது மை நிற்பதற்கு. மற்றபடி ஒரே பாடுதான்.

சிரச்சேதக்காரனின் தோள்பக்கம் ஒரு இடத்தில் சுரண்டல் கொஞ்சம் அவசரமாகப் போயிருக்கிறது; கோடு கோடாகத் தெரிகிறது. என்னிடம் புரூஃப் வந்திருந்தால் வட்டம் போட்டிருப்பேன். ஆனால் அந்த இடத்தில்தான் ஒரு மனிதனின் கை தெரிந்தது. வாளின் அலகில் தன் எழுத்துகளைப் பொறித்து, மேலே ஒரு சின்னக் கிரீடமும் வைத்திருக்கிறார். தொழில்காரர் ஆனாலும் ராஜவம்சத்தை விடவில்லை. இந்த வித்தையை ரகசியமாகவும் வைத்திருந்தார்கள். 1662ல் ஜான் ஈவ்லின் என்ற எழுத்தாளர் செதுக்குக்கலை பற்றி எழுதிய புத்தகத்தில் ரூபர்ட் செய்த சிறிய தலைப்படத்தைச் சேர்த்தார். செய்முறையை மட்டும் புரியாதபடி விட்டுவிட்டார். சிவகாசியிலும் மை கலக்குகிற அளவை அப்படித்தான் வைத்துக்கொள்வோம்.

இரண்டாவதாகக் கேட்டது ரூபர்ட்டின் உருவப்படம். அவரோடு வேலை செய்த வாலரான் வையான் அதே முறையில் செய்தது. போஸ்டர் பையன் வளர்ந்துவிட்டான். நீண்ட முடி, கனத்த இமை. முடிக்கும் பின்னணிக்கும் நடுவில் கோடே இல்லை. ஒரு கறுப்பு இன்னொரு கறுப்புக்குள் இறங்குகிறது. நாலு கலரில் எத்தனை அடி அடித்தாலும் இது வராது.

கீழே 46ஆம் அறையில் ஜான் டுவைட் என்ற குயவர் லண்டன் ஃபுல்ஹமில் கல் மாதிரி கெட்டியாகச் சுட்ட ரூபர்ட்டின் களிமண் மார்பளவுச் சிலை இருக்கிறது, 1670களில் செய்தது. பெரிய சுருள்முடி டோப்பா, தளர்ந்த முகம். அப்போது அவர் விண்ட்சர் கோட்டையின் பொறுப்பில் இருந்தார். அங்கேயே பட்டறையும் ஆய்வுக்கூடமும் வைத்து வெடிமருந்து, உலோகக் கலவை என்று நோண்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சொட்டு ஒன்றுக்கு அவர் பெயர்: உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் விட்டால் தவளைக்குஞ்சு மாதிரி உறையும், தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, வாலைக் கிள்ளினால் மொத்தமும் பொடி. அவர் கண்டுபிடித்தது இல்லை, இங்கிலாந்து ராஜாவுக்குக் கொண்டுவந்து காட்டியவர். பேரன் இதை மொபைலில் ஏழு தடவை போட்டுப் பார்த்தான்.

மதிப்பெண் போடச் சொன்னால், அந்தப் படிப்பறைச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து. ஒரு மணி நேரம் யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. போகிறவர்கள் நாலைந்து படத்துக்கு மேல் கேட்காதீர்கள், கண் தாங்காது. உங்கள் சொந்த லென்ஸ் கொண்டுபோனால் முதலில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். போஸ்டருக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் பார்சல் அட்டை கெட்டியாக இருந்ததற்காக.

போஸ்டரைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். படுக்கையறையில் அலமாரிக்குப் பக்கத்தில், நாய் வெட்டுப்பட்ட பக்கம் அலமாரிக்குப் பின்னால் மறைகிற மாதிரி மாட்டியிருக்கிறோம்.